கடற்கரை ஊரில் வயலினுக்குச் சுருதி சேர்ப்பது எப்படி

புதுச்சேரியிலோ கடலூரிலோ வயலின் கற்கத் தொடங்கியவர்களிடம் பேசினால் ஒரே புலம்பல்தான் வரும்: "சுருதி சேர்த்து முடிக்கவே அரை மணி ஆகுது, சேர்த்ததும் நிக்க மாட்டேங்குது, எனக்குக் காதே இல்லையோ." காது பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு பிரடையில், அதாவது தந்தியைச் சுற்றி முறுக்கும் மரக் குமிழில் இருக்கும். கடல் காற்றில் மரம் ஊறிப் பிரடை இறுகிவிடும், ஏசி அறையில் காய்ந்து வழுக்கிவிடும், அதோடு மல்லுக்கட்டியே மனசு ஓய்ந்துபோவதால், ஸ்வரத்தைக் காது கொடுத்துக் கேட்கப் பொறுமை மிஞ்சுவதில்லை. அதனால் இதில் பாதிக்கு மேல் பிரடையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அது கைக்கு வந்துவிட்டால் மீதி சுலபம்.

முதலில் எந்தத் தந்தி என்ன ஸ்வரம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். வயலினில் இருப்பது 4 தந்தி. மிகத் தடிமனானது 4-ஆம் தந்தி, மிக மெல்லியது 1-ஆம் தந்தி. கர்நாடக இசையில் தடிமனானதிலிருந்து வரிசையாக மந்தர ஸட்ஜம், மந்தர பஞ்சமம், மத்ய ஸட்ஜம், மத்ய பஞ்சமம், அதாவது ஸா பா ஸா பா (மந்தரம் கீழ் ஸ்தாயி, மத்யம் நடு ஸ்தாயி; ஒரு ஸா-விலிருந்து அடுத்த ஸா வரை ஒரு ஸ்தாயி). மேற்கத்திய முறையில் அதே நான்கும் ஜி, டி, ஏ, ஈ. ஒவ்வொரு தந்தியும் முந்தையதற்குப் பஞ்சமம். நம் முறையில் 4-க்கும் 3-க்கும் பஞ்சம உறவு, 2-க்கும் 1-க்கும் பஞ்சம உறவு, நடுவில் 3-லிருந்து 2-க்குப் போகும்போது மட்டும் பா-விலிருந்து மேல் ஸா, கொஞ்சம் குறைந்த தூரம். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் மேற்கத்திய முறையில் கற்றுக்கொண்டு வந்து கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த வாத்தியம் இது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834-இல் ஸ்வாதித் திருநாள் மகாராஜா தந்தத்தில் செய்த வயலினே பரிசாகக் கொடுத்திருக்கிறார். மரமும் வடிவமும் அப்படியே இருக்க, மாறியது சுருதியும் உட்காரும் விதமும்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், புதுச்சேரியில் இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறது. ஒரு வீட்டுப் பிள்ளை சர்ச் கொயருக்கு ஜி டி ஏ ஈ வைத்து வாசிக்கும், அடுத்த வீட்டுப் பிள்ளை அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்திலோ வீட்டுக்கு வரும் வாத்தியாரிடமோ ஸா பா ஸா பா கற்கும். யூடியூபில் தேடினால் முதலில் வருவது மேற்கத்திய முறைதான், அதைப் பார்த்து 1-ஆம் தந்தியை ஈ-க்கு ஏற்றி வைத்துக்கொண்டு கர்நாடக வகுப்புக்குப் போனால் எதுவுமே ஒட்டாது. நீங்கள் எந்த முறை என்று முடிவாகாமல் பிரடையைத் தொடாதீர்கள்.

அடுத்தது கட்டை, அதாவது உங்கள் ஸா எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. ஹார்மோனியக் கணக்குதான்: 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. நடுவில் வரும் கருப்புக் கட்டைகள் 1½, 2½, 4½, 5½, 6½. மூன்றரையும் ஏழரையும் கிடையாது (ஏழரை இல்லாத ஒரே இடம் இதுதான் என்று வாத்தியார்கள் ஜோக் அடிப்பார்கள்). ஆண் குரல்கள் பொதுவாக 1, 1½, 2 என்று இருக்கும், பெண் குரல்கள் 5, 5½, 6 பக்கம். உங்கள் வாத்தியார் எந்தக் கட்டை சொல்கிறாரோ அதுதான் உங்கள் ஸா. சுருதி பார்க்கும் ட்யூனர் ஆப்பில் ஆங்கில எழுத்துதான் தெரியும் என்பதால் பா எங்கே வரும் என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: ஸா 1 கட்டை என்றால் பா 5, ஒன்றரைக்கு ஐந்தரை, 2-க்கு 6, இரண்டரைக்கு ஆறரை, 5-க்கு 2, ஐந்தரைக்கு இரண்டரை, 6-க்கு 3.

புதிதாகத் தொடங்குபவருக்கு 5 கட்டை வசதி என்பது என் கருத்து. கடையில் கிடைக்கும் சாதாரண மேற்கத்தியத் தந்தி செட்டில் 4-உம் 3-உம் ஏற்கெனவே ஜி, டி. அதாவது 5 கட்டைக்கு ஸா, பா. 2-ஆம் தந்தியை ஏ-யிலிருந்து ஜி-க்கும், 1-ஆம் தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கும் ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் போதும். தந்திக்கும் சுமை குறைவு. 6 கட்டை வேண்டுமென்றால் 4-உம் 3-உம் ஒரு முழு ஸ்வரம் ஏற வேண்டும், அதற்கு மேல் அந்த செட்டை இழுக்காதீர்கள், அறுந்துவிடும். எதிர்ப்பக்கம், 1 கட்டை, 2 கட்டைக்கு அதே மெல்லிய செட்டைத் தளர்த்தினால் தந்தி தொளதொளத்துப் போய் விரல் வைக்கும் இடத்தில் எல்லாம் ஸ்வரம் வழுக்கும். தாழ்ந்த சுருதிக்குத் தடிமன் கூடிய தந்தி போடுவார்கள், அதை வாத்தியாரிடம் கேட்டு வாங்குங்கள், கடைக்காரரிடம் கேட்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். வாசிக்கும் நிலையிலேயே, வலது பாதத்தில் தலைப்பாகத்தை வைத்தபடி சுருதி சேர்ப்பது பழகியவர்களுக்கு. ஆரம்பத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினை மடியில் நிமிர்த்தி, தந்திகள் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். இப்போது இடது கீழ்ப் பிரடை 4-ஆம் தந்தி, இடது மேல் 3, வலது மேல் 2, வலது கீழ் 1. திருப்புவதற்கு முன் அந்தத் தந்தியை விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்து எந்தப் பிரடையில் போய் முடிகிறது என்று ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். தவறான பிரடையைத் திருப்பிக்கொண்டே "ஏன் ஏறவே மாட்டேங்குது" என்று யோசித்து, பக்கத்துத் தந்தி அறுந்தபின் விஷயம் புரிவது வகுப்புகளில் சர்வ சாதாரணம்.

குதிரையையும் பாருங்கள். பிரிட்ஜ் என்று சொல்லும் அதே மரத்துண்டுதான். அதைப் பிடித்து நிறுத்தியிருப்பது பசை இல்லை, தந்திகளின் அழுத்தம் மட்டுமே. அதன் பின்பக்கம், அதாவது வால்பக்கம் பார்த்த முகம், மேல் பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சுருதி ஏற்ற ஏற்ற தந்தி குதிரையின் தலையைப் பிரடைப் பக்கம் இழுத்துக்கொண்டே போகும், கவனிக்காவிட்டால் ஒரு நாள் "டப்" என்று மடங்கி விழுந்து பலகையில் குத்திவிடும். சாய்ந்திருந்தால் இரண்டு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மேல் முனைகளைப் பிடித்து மெல்ல, நூலளவு நூலளவாகப் பின்னே கொண்டுவாருங்கள். இறுக்கமாக இருந்தால் தந்தியைச் சற்றுத் தளர்த்திவிட்டு அப்புறம் நகர்த்துங்கள்.

இனி பிரடை. இது ஒரு பக்கம் சன்னமாகிக்கொண்டே போகும் கூம்பு, 30 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் வீதம் சன்னமாகும். துளையும் அதே சரிவு. இதைப் பிடித்து வைத்திருக்க உள்ளே திருகோ மறையோ எதுவும் கிடையாது, மரமும் மரமும் உரசி நிற்பதுதான். அதனால் வெறுமனே திருப்பினால் நிற்காது, பாட்டில் வாயில் தக்கையைத் திருகி அழுத்துவது போல உள்ளே தள்ளிக்கொண்டே திருப்ப வேண்டும். எதிர்ப்பக்கம் தலைப்பாகத்துக்கு மற்றக் கையின் விரல்களை முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் தள்ளுகிற வேகத்தில் வாத்தியமே நகரும். பிரடையின் மேல்பக்கம் உங்களை விட்டு விலகி முன்னே உருண்டால் சுருதி ஏறும், உங்களைப் பார்த்து உருண்டால் இறங்கும். ஏறவில்லை, இறங்குகிறது என்றால் யாரோ தந்தியைத் தலைகீழாகச் சுற்றியிருக்கிறார்கள்.

எப்போதும் முதலில் கொஞ்சம் இறக்கிவிட்டு, அப்புறம் ஏற்றுங்கள். இறக்கும்போது ஒட்டிக்கொண்டிருந்த பிரடை விடுபடும், பிறகு நீங்கள் தள்ளுகிற அளவுக்கு மட்டும் நகரும். முடிப்பது ஏற்றத்தில்தான் இருக்க வேண்டும். மேலே போய்விட்டதே என்று இறக்கி அப்படியே விட்டால், தந்தி மேல்முனைப் பள்ளத்தில் (பிரடைப் பெட்டிக்கு முன்னால் தந்தி உட்காரும் சின்னக் கட்டை) கொஞ்சம் தொய்வை ஒளித்து வைத்திருக்கும், நாலு தடவை வில் போட்டதும் அது வெளியே வந்து சுருதி இன்னும் இறங்கும். தாண்டிவிட்டால் நன்றாகக் கீழே போய்த் திரும்ப ஏறி வாருங்கள். ஒவ்வொரு தடவையும் நகர்த்தும் அளவு மிகச் சின்னதாக இருக்கட்டும், கடிகாரத்தில் ஒரு நிமிட முள் நகரும் தூரம்கூட 1-ஆம் தந்திக்கு அதிகம்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை. தேவனாம்பட்டினம் பக்கமோ வைத்திக்குப்பம் பக்கமோ கடலை ஒட்டி வீடு என்றால் கேட்கவே வேண்டாம், துணியே காயாத நாட்களில் மரம் எப்படிக் காயும். பிரடை ஊதி, துளைக்குள் இறுகி, திருப்பவே முடியாமல் நிற்கும். அப்போது கொறடு எடுக்காதீர்கள், பிரடையின் கழுத்து ஒடிந்துவிடும். பெட்டியைத் திறந்து வைத்து ஏசி ஓடும் அறையில் சில மணி நேரம் விட்டுவிட்டு, பிரடையை லேசாக வெளியே இழுத்தபடி இறக்கும் திசையில் அசைத்துப் பாருங்கள், பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். ஹேர் டிரையர் வேண்டாம், வெயிலில் காய வைப்பதும் வேண்டாம். வயலினை ஒட்டியிருப்பது சூட்டில் இளகும் பசை, மூடிய காருக்குள் மத்தியான வெயிலில் விட்டுவிட்டு வருவதும் அதே ஆபத்துதான்.

ஏசியில் அதிக நேரம் வைத்தால் இதற்கு நேர் எதிர். பிரடை சுருங்கி, பெட்டியைத் திறக்கும்போது தந்திகள் எல்லாம் தளர்ந்து, குதிரை விழுந்து கிடக்கும். உடனே பதறி இறுக்கத் தொடங்காதீர்கள். வயலினை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதோ கட்டை உருளும் சத்தம் கேட்டால் சவுண்ட் போஸ்ட் விழுந்திருக்கிறது. மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவே முட்டுக் கொடுத்து நிற்கும் சின்னக் குச்சி அது. அது இல்லாமல் தந்தியை இறுக்கினால் மேல் பலகை அமுங்கி விரிசல் விடலாம். தந்திகளைத் தளர்ந்தபடியே விட்டு, பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள், வீட்டு வைத்தியம் பலிக்காத இடம் அது.

வீட்டு வைத்தியம் பலிக்கும் இடமும் உண்டு. வழுக்கும் பிரடையைக் கழற்றி, துளையில் உரசும் பளபளப்பான இரண்டு வளையங்களில் கரும்பலகைச் சாக்பீஸ் தூளைத் தேய்த்துப் போடுங்கள், பிடித்துக்கொள்ளும். இறுகும் பிரடைக்கு அதே இடத்தில் காய்ந்த சோப்புக் கட்டியை ஒரு சுற்றுத் தேய்த்தால் வழவழவென்று ஓடும், ஓடுவது அதிகமானால் மேலே கொஞ்சம் சாக்பீஸ். இரண்டும் கலந்த மாதிரி பெக் பேஸ்ட் என்று கடையில் விற்பதும் நல்லதுதான். தேங்காய் எண்ணெய் மட்டும் தயவுசெய்து வேண்டாம், மரம் எண்ணெய் குடித்துவிட்டால் அந்தப் பிரடை இனி எந்தச் சாக்பீஸுக்கும் அடங்காது. தந்தி உட்காரும் மேல்முனைப் பள்ளத்திலும் குதிரைப் பள்ளத்திலும் பென்சில் முனையால் கருப்பாக்கி விடுங்கள், தந்தி அங்கே சிக்காமல் நகரும். ஒரு தந்திக்கு மட்டும் கழற்றி, அதைப் போட்டு முடித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். நான்கையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் குதிரையும் சவுண்ட் போஸ்ட்டும் விழும்.

வால்பக்கம் இருக்கும் சின்னத் திருகாணிகள், ஃபைன் ட்யூனர்கள், ஆரம்பத்தில் நான்கு தந்திக்கும் இருப்பது நல்லது. வாத்தியார்களில் சிலர் ஒன்று போதும் என்பார்கள், பழகிய கைக்கு அது சரி. பிரடையைத் தொடுவதற்கு முன் திருகாணியைப் பாதி அளவில் கொண்டுவந்து வையுங்கள், ஏற்றவும் இறக்கவும் இடம் இருக்கும். முழுக்க உள்ளே போன திருகாணியின் அடி மேல் பலகையில் கோடு கிழிக்கும், அங்கே வார்னிஷ் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது சுருதி. தம்புரா ஆப்போ எலக்ட்ரானிக் தம்புராவோ உங்கள் கட்டையில் ஓடட்டும். மழையில் கரண்ட் போனால் கையால் அழுத்தும் பழைய சுருதிப் பெட்டி இருந்தால் அதுவும் போதும், மின்விசிறி நின்ற அமைதியில் இன்னும் நன்றாகவே கேட்கும். முதலில் வாயைத் திறந்து ஸா பாடுங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் தொண்டையில் ஸா வந்துவிட்டால் தந்தி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். பிறகு 2-ஆம் தந்தி, மத்ய ஸட்ஜம். விரலால் சுண்டிக்கொண்டே பிரடையால் கிட்டே கொண்டுவாருங்கள், கிட்டே வந்ததும் வில் எடுங்கள். அழுத்தாமல் நீளமாகப் போடுங்கள், அழுத்திப் போட்டால் ஸ்வரமே கொஞ்சம் நகர்ந்து கேட்கும்.

கிட்டே வரும்போது இரண்டு ஒலியும் சேர்ந்து "வௌ வௌ வௌ" என்று அலை அடிக்கும். தம்புராவின் ஸா-வுக்கும் உங்கள் ஸா-வுக்கும் நொடிக்கு 3 அதிர்வு வித்தியாசம் இருந்தால் நொடிக்கு 3 அலை. நெருங்க நெருங்க அலை மெதுவாகி, நீண்டு, கடைசியில் நின்றுவிடும். எந்தப் பக்கம் திருகினால் அலை வேகமாகிறதோ அது தப்பான பக்கம். இவ்வளவுதான் சூத்திரம், சங்கீத ஞானம் எதுவும் தேவையில்லை, பத்து வயதுப் பிள்ளைக்கும் இந்த அலை கேட்கும்.

அடுத்து 1-ஆம் தந்தி பஞ்சமம். இங்கேதான் ஆப் பச்சை விளக்கு காட்டியும் வாத்தியார் முகம் சுளிப்பார். காரணம் இருக்கிறது. சுத்தமான பஞ்சமம் ஸா-வைப் போல ஒன்றரை மடங்கு. 5 கட்டையில் ஸா நொடிக்கு 392 அதிர்வு என்றால் பா 588. ட்யூனர் ஆப் சம இடைவெளிக் கணக்கில் (ஒரு ஸ்தாயியை 12 சம பங்காகப் பிரிப்பது) ஓடுவதால் அது 587.3 கேட்கும். வித்தியாசம் துக்கடா, 2 சென்ட்தான் (ஒரு அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு 1 சென்ட்). ஆனாலும் 2-ஐயும் 1-ஐயும் சேர்த்து வில் போட்டால் நொடிக்கு ஒன்றுக்குச் சற்று அதிகமாக ஒரு அலை லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் ஆப்பைப் பக்கத்தில் கொண்டுபோய் விடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நூலளவைத் தம்புராவை வைத்து, இரண்டு தந்தியையும் சேர்த்து வாசித்து, ஃபைன் ட்யூனரால் முடியுங்கள். பா தனியாகக் கேட்காமல் ஸா-வுக்குள் கரைந்துவிட்டால் நிறுத்திவிடலாம்.

3-ஆம் தந்தி மந்தர பஞ்சமம், 1-ஆம் தந்திக்கு ஒரு ஸ்தாயி கீழே. 4-ஆம் தந்தி மந்தர ஸட்ஜம், 2-க்கு ஒரு ஸ்தாயி கீழே. தடிமன் தந்தியில் அலையைப் பிடிப்பது கொஞ்சம் கஷ்டம், 4-ஐயும் 3-ஐயும் சேர்த்து வில் போட்டால் தெளியும். இதெல்லாம் முடிந்ததும் திரும்ப 2-க்கு வந்து பாருங்கள், இறங்கியிருக்கும். நீங்கள் ஒன்றும் கெடுக்கவில்லை; மற்றத் தந்திகளின் இழுப்பு கூடும்போது குதிரையும் பலகையும் அமுங்கி முதலில் சேர்த்தது தளரும். அதனால் இரண்டாவது சுற்று எப்போதும் உண்டு, புதுத் தந்தியானால் மூன்றாவதும். முதல் சுற்றில் துல்லியத்துக்காக மெனக்கெடுவது வீண்.

சரிபார்க்க ஒரு வழி: 4-ஆம் தந்தியின் சரிபாதியில், குதிரைக்கும் மேல்முனைக்கும் நட்டநடுவே, விரலை அழுத்தாமல் தொட்டு மட்டும் வில் போட்டால் கண்ணாடி மாதிரித் தெளிவாக மேல் ஸா கேட்கும். அது 2-ஆம் தந்தியோடு ஒத்துப்போக வேண்டும். 3-ஐ அப்படித் தொட்டால் 1. பிள்ளைகளுக்குப் பிடித்த இன்னொன்று: பஸ் டிக்கெட்டிலிருந்து ஒரு நகக்கண் அளவு கிழித்து, மடித்து, 2-ஆம் தந்தியின் நடுவில் கவிழ்த்து உட்கார வையுங்கள். 4-ஆம் தந்தியில் மட்டும் நீளமாக வில் போடுங்கள். ஸ்தாயி சுத்தமாகச் சேர்ந்திருந்தால் யாரும் தொடாமலே அந்தத் தாள் துடிக்கும், சில சமயம் குதித்து விழும். சேரவில்லை என்றால் சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஜி டி ஏ ஈ வைப்பவர்கள் ஏ-யை நொடிக்கு 440 அதிர்வுக்குச் சேர்த்துவிட்டு, ஏ-யும் டி-யும், டி-யும் ஜி-யும், ஏ-யும் ஈ-யும் என்று ஜோடி ஜோடியாக இதே அலையைக் கேட்டு முடிக்கலாம். பியானோவோடு வாசிப்பதானால் மட்டும் ஆப் சொல்வதையே நம்புங்கள்.

புதுத் தந்தி போட்டால் சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், தினமும் சேர்க்கத்தான் வேண்டும். சுற்றும்போது கடைசிச் சுற்றுகள் பிரடைப் பெட்டியின் சுவரை லேசாகத் தொடுமாறு சுற்றுங்கள், பிரடை வெளியே நழுவாமல் அதுவே பிடிக்கும். 1-ஆம் தந்தியை ஏற்றும்போது முகத்தைக் கிட்டே வைக்காதீர்கள், அறுந்தால் சாட்டை மாதிரி வரும். நம் ஊர் உப்புக் காற்றில் எஃகுத் தந்தி சீக்கிரம் துருப் பிடிக்கும். விரலில் சொரசொரப்பாகப் பட ஆரம்பித்தாலோ, ஒரே தந்தியில் பாதிக்குப் பாதி ஸ்வரம் ஒத்துவராமல் போனாலோ, பிரடையோடு சண்டை போட வேண்டாம், தந்தியை மாற்றிவிடுங்கள். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒரு துடைப்பு, பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், அது ஈரம் குடித்துக் கனத்ததும் மாற்று. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஏசி பஸ்ஸில் கச்சேரிக்கோ வகுப்புக்கோ போகிறீர்கள் என்றால், இறங்கியதும் பெட்டியைத் திறந்து பதினைந்து நிமிடம் அந்த அறைக் காற்று படட்டும், அதற்கு முன் சேர்க்கிற சுருதி முதல் பாட்டு முடிவதற்குள் நகர்ந்துவிடும்.